கிளிபோட்ட சட்டை

அட, உள்ள போங்க தம்பி, நடுவுல உக்காருங்க. இல்லல்ல, நான் நவுர மாட்டேன், எனக்கு இந்த ஓரந்தான் வேணும். முட்டு மடங்காது, காலத் தொங்கப் போட்டாத்தான் ஆச்சு. சன்னலோரம் இருக்க ஆளு தூங்குதாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எத்தனையோ பேரு நிக்காவ, நான் ஒங்களப் பாத்துல்லா கையக் காட்டுனேன். நடுவுல ஆளில்லாம உக்காந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும், பாத்துக்கிடுங்க.

மத்த நாள்னா தென்காசியில ஏறுனா குத்தாலம்தான். இன்னைக்கு ஆடி அமாவாசைல்லா, ரோடு பூரா வண்டி. உருட்டிக்கிட்டுத்தான் போவான். நல்லதுதான், பேசிக்கிட்டே போலாம். எந்தூரு நமக்கு? மதுரையா. சீசனுக்குக் குளிக்க வந்தியளாக்கும். குளிங்க, நல்லாக் குளிங்க, சாரல் அருமையா விழுது. நாங்க குளிக்க வரல. எம் பொஞ்சாதிக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கணும். தங்கத்தாய்னு பேரு. போன பொரட்டாசியில போயிட்டா. ஆமா, மவன்தான் எறைக்கணும். வந்திருக்கான், வந்திருக்கான். அதப் பொறவு சொல்லுதேன்.

என்ன, சட்டையப் பாக்கியளா? கூச்சப்படாமப் பாருங்க. கண்டக்டர் டிக்கெட்டக் கிழிக்க மறந்துட்டு இதத்தான் பாத்துக்கிட்டு நின்னான். மஞ்சத் தரையில பச்சக்கிளி. பாலியெஸ்டராக்கும். எழுவத்தேழாம் வருசத் தீவாளிக்கு எடுத்தது, இன்னைவரைக்கும் ஒரு நூல் பிரியல. சலவ பண்ணுன வேற சட்ட இருந்துச்சு. வேணும்னுதான் இதப் போட்டுட்டு வந்தேன். ஒரு ஆளு பாக்கணும்னு.

எங்க வீட்டுல தீவாளின்னா ஒரே பீஸ்தான். நான் ஆலங்குளத்துக்குப் போயி ஒரு பீஸு மொத்தமா எடுத்தாந்து டெய்லர் முன்னால போட்டுருவேன். எனக்குச் சட்ட, மவனுக்குச் சட்ட, அவளுக்கு ஜாக்கெட்டு. மிச்சம் இருந்துச்சுன்னா தலவாணி ஒற. எங்க அய்யா அப்படி, அவுக அய்யா அப்படி. ஊர்ல ஒரு கூட்டத்துக்குப் போனா, இன்னார் வீட்டு ஆளுகன்னு தூரத்துலயே தெரியும். ஒருத்தன் தொலஞ்சாக் கண்டுபிடிக்க லேசு. அந்த வருசம் அந்தக் கிளிபோட்ட துணி நெறைய மிஞ்சிப் போச்சு. சன்னலுக்குத் திரை போட்டேன். ரேடியோவுக்கும் ஒரு ஒற.

மவன் பேரு அய்யாக்குட்டி. ஒத்தப் பயதான். அப்பம் பாளையங்கோட்டையில காலேஜு மொத வருசம். மீசைய எட்டிப் பாக்க விட்டுக்கிட்டு, யானக்கால் பேண்டு போட்டுக்கிட்டு வந்து எறங்குனான். தீவாளியன்னைக்கு விடியக்காலம் அவன் தலையில நான்தான் எண்ண வச்சேன். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தான். குளிச்சிட்டு வந்தான். காலர்ல மஞ்சளத் தடவிச் சட்டைய நீட்டுனேன். வாங்குனான், விரிச்சான். என்னப் பாத்தான். சன்னலப் பாத்தான். ரேடியோவப் பாத்தான். அவுக அம்மாகிட்டத் திரும்பி, எம்மா, இதுல அய்யா எது, சன்னல் எதுன்னு கேட்டான்.

சிரிக்காதிய தம்பி. அவளும் சிரிச்சா. அதான் எனக்குக் கோவம் வந்துச்சு.

போட்டாப் போடு, இல்லன்னா சோளக்காட்டுப் பொம்மைக்குப் போட்டு விடுன்னேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவோம், அப்படியே செய்வாவளா? அவன் செஞ்சான். எங்க காடு தென்காசி ரோட்டு மேலயே இருக்கு. சோளம் பால் புடிச்ச நேரம், கிளி வந்து எறங்கும்னு ஒரு பொம்ம நட்டு வச்சிருந்தேன். நேராப் போயி அதுக்கு மாட்டிட்டு, பட்டன் எல்லாம் போட்டுட்டு வந்து, எம்மா, அய்யா சொன்னபடி செஞ்சிட்டேன்னு சொல்லுன்னான். அன்னைக்கு நின்னது தம்பி, எங்க பேச்சு.

கிளி வெரட்டுத பொம்மைக்குக் கிளிபோட்ட சட்ட. அந்தக் கிளிகளுக்கே கொழப்பமாயிருக்கும்.

கழத்தவா? நான் எதுக்குக் கழத்தணும்? அவன் மாட்டுனான், அவன் கழத்தட்டும். நிக்கட்டும்னு விட்டுட்டேன். இங்கன நான் இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போறேன், அங்கன அது அதே சட்டையப் போட்டுக்கிட்டுக் காட்டுல நிக்கி. பஸ்சுல போறவன் எல்லாம், சொரிமுத்து அண்ணாச்சி காலையில போகும்போதும் நிக்காரு, சாயங்காலம் வரும்போதும் நிக்காரு, என்ன ஒழைப்பு, என்ன ஒழைப்புன்னு பேசுதான். அறுப்பு வரைக்கும் ஊர்ல எனக்கு அப்படி ஒரு நல்ல பேரு.

எம் மச்சினன் பிச்சுமணி, தங்கத்தாய்க்கு ஒடன்பிறந்தவன், பண்பொழிக்காரன். கண்ணாடி போட்டாத்தான் கண்ணு தெரியும், போட்டா வயசாயிட்டும்னு சொல்லிருவாவளேன்னு பையிலயே வச்சிருப்பான். தீவாளி கழிஞ்சு அக்காளப் பாக்க நேந்திரங்காத் தாரோட வந்து காட்டுப் பக்கமே பஸ்ச விட்டு எறங்கிருக்கான். அத்தான் சொகமான்னு கேட்டிருக்கான். பதில் இல்ல. மழ உண்டுமான்னு கேட்டிருக்கான். பதில் இல்ல. என்ன அத்தான், கண்டும் காணாம நிக்கிய, நான் என்ன தப்புச் செஞ்சேன்னு அழுதிருக்கான். பொறவு தாரக் காலடியில வச்சிட்டு அடுத்த பஸ்சுல ஊருக்குப் போயிட்டான். வீட்டுப் பக்கமே வரல. பொங்கலுக்கும் வரல. அவ போயி நெசத்தச் சொல்லிக் கூட்டியாரதுக்குள்ள எனக்கு எம்புட்டுக் கெட்ட பேரு. பொம்ம வாங்குன நல்ல பேரையும் பொம்மையே கெடுத்துச்சு.

அறுப்பு முடிஞ்சு அவதான் போயிக் கழத்துனா. சட்ட எங்கன்னு கேட்டேன். கிழிஞ்சிட்டு, பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கவன்கிட்டப் போட்டு இந்தக் கிண்ணத்த வாங்கிட்டேன்னு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தக் காட்டுனா. இன்னும் அதுலதான் நான் மோர் குடிக்கேன்.

பேசாம எப்படி இருந்தோமா? பேசாம யாரு இருந்தா? எல்லாம் பேசுவோம். எங்க பக்கம் பேச்சு நின்னுட்டா அப்படித்தான். சொவரப் பாத்துப் பேசுவோம், தூணப் பாத்துப் பேசுவோம், கேக்க வேண்டிய ஆளுக்குக் கேட்டாச் சரி. அவன் எதிர்த்தாப்புல உக்காந்திருப்பான். தங்கம், ஒம்மவன்கிட்டச் சோறு ஆறுதுன்னு சொல்லும்பேன். எம்மா, எனக்குப் பசியில்லன்னு சொல்லும்பான். மொதல்ல அவளும் வரி விடாமத் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தா. பொறவு அலுத்துப் போயி அவ பாட்டுக்கு வெங்காயம் உரிப்பா, நாங்க அவ தலைக்கு மேல பேசிக்கிடுவோம். ஒரு நாள் அவ கோயிலுக்குப் போயிட்டா. எனக்கு வெளிய போகணும். மாட்டப் பாத்து, சாவி நெலைப்படி மேல இருக்குன்னு சொன்னேன். அவன் மாட்டப் பாத்து, சரின்னான். மாடுதான் பாவம், என்னப் பாக்கு, அவனப் பாக்கு.

பொறவு அவனுக்கு மெட்ராசுல போலீசு வேல. வாயத் தொறக்காதவனப் பேச வைக்குத வேல. அவன் பேசுவானா, மாட்டான். ஆனா தம்பி, போலீசுக்காரனுக்குத் தீவாளிக்கு லீவு குடுப்பானா? அவன் வந்திருவான். வருசந்தவறாம வந்திருவான். அவ கடுதாசி போடுவா, அவன் வருவான். நான் தலையில எண்ண வைப்பேன், குனிஞ்சு காட்டுவான். பேச்சுதான் இல்ல. அவன் சொந்தத் துணியப் போட்டுக்கிடுவான், நான் இந்தக் கிளிபோட்ட சட்டையப் போட்டுக்கிடுவேன். வருசா வருசம் தீவாளிக்கு இதேதான். அவனுக்காச்சு எனக்காச்சு.

அவ போன அன்னைக்குச் சுடுகாட்டுல நாவிதர்கிட்ட, பையனுக்கு மொட்டைய மெதுவா அடிங்கன்னேன். அவன் அவருகிட்ட, அய்யாவ நெழல்ல போயி நிக்கச் சொல்லுங்கன்னான். அந்த மனுசன், ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுத்தான நிக்கியன்னு எங்களப் பாத்துட்டு நின்னாரு. அவருக்கு என்ன தெரியும். சொல்லுதவ அங்கன படுத்துக் கெடக்கா.

வார பொரட்டாசியோட வருசம் திரும்பிரும். இந்தத் தீவாளிக்குத் தடையில்ல. ஆனா யாரு கடுதாசி போட? இன்னைக்கு வரச் சொன்னதே பிச்சுமணி வழியாத்தான். அவனும் கண்ணு ஆபரேசன்னு படுத்துட்டான். தீவாளிக்கு வாலேன்னு நான் கூப்பிடணும், இல்ல வாரேன்னு அவன் சொல்லணும். ரெண்டும் நடக்காது. அவன் வரலன்னா எனக்குத் தீவாளி இல்ல தம்பி, சொல்லிட்டேன். எண்ணச் சட்டியக் கையில வச்சிக்கிட்டு மாட்டுக்கா தேய்ச்சு விட முடியும்?

நேர கூப்பிட்டா என்னவா? நல்லாச் சொன்னிய. வாய் வரணும்லா. இன்னைக்குக் காலம்பற மெட்ராசு வண்டியிலேருந்து எறங்கி தென்காசி பஸ் ஸ்டாண்டுல துண்டப் போத்திக்கிட்டு என் முன்னால வந்து நிக்கான். நானும் நின்னேன். டீ குடிச்சியான்னு கேக்க எம்புட்டு நேரமாகும்? டீக்கடைக்காரன்கிட்டப் போயி, ரெண்டு டீன்னு மட்டும் சொன்னேன்.

இந்தா, எரைச்சல் கேக்கா? அருவியாக்கும். தம்பி, ஒரு ஒத்தாச. அங்கன சன்னலோரம் துண்டப் போத்திக்கிட்டு இருக்காம்லா, அவனத் தட்டி, குத்தாலம் வந்துட்டுன்னு சொல்லுங்க. தூங்கல, தூங்கல. எமையப் பாருங்க, ஆடுதுல்லா? சின்னப் பயலா இருக்கையில ஏசுனா இப்படித்தான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டுக் கெடப்பான், எமை மட்டும் ஆடும். அவ எங்கிட்டக் காட்டிச் சிரிப்பா. ஆமா, எம்மவன்தான். வேற யாரு.

கோவப்படாதிய. ஏறும்போதே சொல்லிருந்தா நீங்க உக்காந்திருப்பியளா?

தட்டுங்க, சும்மாத் தட்டுங்க. என்ன, அவனப் பாக்கிய, என்னப் பாக்கிய? எங்க மாடும் இப்படித்தான் பாக்கும். என்னது? துண்ட எடுத்துட்டானா? எடுத்தா என்ன? சட்டையா? கொஞ்சம் பின்னால சாயுங்க தம்பி.

கிளி.

தோள்ப்பட்ட வெளுத்துப் போயிருக்கு. அறுப்பு வரைக்கும் வெயில்ல நின்னதுல்லா. அதேதான், அந்தப் பொம்மைச் சட்டையேதான். மெட்ராசுல வச்சிருந்திருக்கான். அவதான் குடுத்து விட்டிருக்கா. அப்ப அந்தக் கிண்ணம் ஏது? கள்ளி. என்ன ஏமாத்தக் கடையில போயிக் கிண்ணம் வாங்கிருக்கா.

இல்ல தம்பி, கண்ணுல சாரல் அடிக்கி. சன்னல் அடைச்சிருந்தா என்ன, ஓட்ட வழியா அடிக்கி.

எந்திரிக்கதுக்கு முன்னால அவன்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. இந்தத் தீவாளிக்கு நான் துணி எடுக்கல. அவனே மெட்ராசுல எடுத்துட்டு வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பீஸ்ல. என்ன படம் போட்டிருந்தாலும் நான் போட்டுக்கிடுதேன்.

என்ன சொல்லுதான்? மஞ்சத் தரை மட்டும் வேண்டாமாமா?

அத வீட்டுக்கு வந்து மாட்டுக்கிட்டச் சொல்லச் சொல்லுங்க.