பட்டாணியைக் கூப்பிட்டேன்

நாய்க்குட்டி செருப்பைக் கடித்தால் அடிக்கக் கூடாது, சார். கடிக்க வேறு எதையாவது கொடுத்தால் போதும். பட்டாணிக்கு என் பழைய பெல்ட்டைக் கொடுத்தேன்.

அவனை எனக்குக் கொடுத்தது, பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற ஒரு பள்ளி. இரண்டு மாதக் குட்டியை நம்மிடம் வளர்க்கக் கொடுப்பார்கள். ஒன்றேகால் வயதில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பட்டாணியின் பால் பல் விழுந்தது என் மடியில். படியேறப் பயந்தவனை ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டவன் நான். முதுகில் பட்டை மாட்டிவிட்டால் யாரையும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்ற பாடத்தையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கொண்டுபோய் விட்ட அன்று மனைவி அழுதாள். நான் அழவில்லை. பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வருவதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டராக இருப்பவர் பட்டையின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவன் வால்கூட அசையவில்லை.

"நாய் ரொம்ப அமைதியா இருக்கே" என்றேன்.

"வேலைல இருந்தா பெத்த தாயே வந்தாலும் தம்பி திரும்ப மாட்டான் சார்" என்று சிரித்தார். "யாரோ நல்லா வளத்திருக்காங்க."

யாரோ. என் பட்டாணியை அவர் தம்பி என்று கூப்பிட்டார். அவனும் அதற்குக் காதை நிமிர்த்தினான்.

வீட்டில் சொன்னேன். "நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானே செய்றான், அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. பதினெட்டு நாள் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். பதினெட்டு நாளும் கண்டும் காணாததுபோலப் போனான். பெற்ற பிள்ளை நடுத்தெருவில் நம்மைத் தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும், சார்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

பத்தொன்பதாவது நாள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றேன். அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் நடைபாதை ஓரத்தில், வண்டிகள் ஓயக் காத்திருந்தார்கள். பட்டாணிக்குச் சோறு வைக்கும்போது நான் ஒரு சீழ்க்கை அடிப்பேன். பள்ளிக்கு அதைச் சொன்னதில்லை. எங்கள் இருவருக்குள் ஏதாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டது.

லாரி வருவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். பட்டாணி பாய்ந்தான். ஆபரேட்டர் கைப்பிடியை விடவில்லை. அவனை நம்பிக் கால் எடுத்துவைத்தே பழகியவர், அன்றைக்கும் எடுத்துவைத்தார்.

லாரி ஓட்டியவர்மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டாணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேராக என்னிடம் வந்து கையை நக்கினான். அவன் என்னை மறக்கவே இல்லை, சார். நான்தான் அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவனைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். என் வீட்டிலேயே விடச் சொல்லுங்கள். ஆபரேட்டருக்குத்தான் இனி அவன் தேவைப்படப் போவதில்லையே.