இருபது காய்ந்த படுக்கைகள்

எனக்கு ஈரத் துணி என்றாலே ஆகாது. நான் தலைமை நர்ஸாக இருந்த பதினோரு வருடமும் பெண்கள் வார்டின் இருபது படுக்கைகளும் மொறமொறவென்று காய்ந்தே இருந்தன. பக்கத்து வார்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர்கள்கூட என் வார்டுக்கு வந்துதான் மூச்சு விடுவார்கள்.

நீங்கள் விசாரிக்க வந்ததால் சொல்கிறேன், இதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஐயா. வருகிறவர்களுக்கெல்லாம் சிறுநீர்க் குழாய் போட்டுவிடுவேன். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் சில நாளைக்குத்தான் என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகமா வந்து படுக்கை விரிப்பை மாற்றப் போகிறது? குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் கேட்டால், நாளைக்கு என்பேன். நாளைக்கு அவர் மறந்துவிடுவார். தங்கமான பிள்ளை.

குழாய் வழியாகக் கிருமி ஏறிச் சிலருக்குக் காய்ச்சல் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் ஊசி எழுதுவார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். விட்ட காய்ச்சலுக்கு எதற்கு மருந்து? ஏழு நாளும் போட்டதாகக் குறித்துவிட்டு, மீதியை என் அலமாரியில் வைப்பேன். அடுத்து யாருக்கு உடம்பு சுட்டாலும் டாக்டருக்காகக் காத்திருக்காமல் அதிலிருந்து போடுவேன். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

ஆய்வகத்துக்காரி ஒருநாள் வார்டுக்கே வந்துவிட்டாள். அரைகுறையாக அடி வாங்கிய கிருமி சாகாது, அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையவும் அசையாது என்று பாடம் நடத்தினாள். “இப்படி ஒரு கிருமி உங்க வார்டுல மட்டும்தான் இருக்கு” என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் என் அக்கா இடுப்பெலும்பு முறிந்து ஏழாம் படுக்கைக்கு வந்தாள். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள். அறுவை முடிந்த நான்காம் நாளே வாக்கரைப் பிடித்து வார்டைச் சுற்றினாள், அதிலேயே மூத்திரப் பையைத் தொங்கவிட்டபடி.

“இதை எடுத்துடுடி. நானே பாத்ரூம் போய்க்கிறேன்.”

“சும்மா படுக்கா. வழியில சிந்தினா யார் துடைக்கிறது?”

ஒன்பதாம் நாள் அவளுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. அலமாரியில் இருந்ததைப் போட்டேன். காய்ச்சல் மசியவில்லை. ஆய்வகத்தில் பன்னிரண்டு மருந்துகளை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் கிருமி அசையவில்லை. ஆய்வகத்துக்காரி அந்த முடிவுத் தாளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

“எல்லாருக்கும் கேக்குற மருந்து எனக்கு மட்டும் ஏன்டி கேக்கல?” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

வயதாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லிவிட்டு லினன் அறைக்குள் போய் அழுதேன். விரிப்புகள் நனையாமல் தள்ளி நின்றுதான் அழுதேன்.

ஆமாம் ஐயா, குழாயை எடுக்காததும் நான், ஊசியைப் பாதியில் நிறுத்தியதும் நான். அவளுக்கு முன்னால் அந்த வருடம் போய்ச்சேர்ந்த ஆறு பேருக்கும் இதே கவனிப்புதான். ஆள் பார்த்துச் செய்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அக்காவின் மூச்சு நின்றதும், அவள் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. கடைசிவரை அவளை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.