பால்குடமும் கண்ணாடியும்

நேர்ந்துகொண்டதைச் செய்யாவிட்டால் கடவுள் கோபிப்பாரா? பட்டர்வொர்த் பெர்ரிப் படகில் முன்னிருக்கைத் தம்பதி பேசியதைக் கேட்டதிலிருந்து விடை தெரியாமல் இருக்கிறேன்.

"எங்க அய்யாவழி மார்க்கத்துல நேர்த்திக்கடன் இல்லலா. சாமி லஞ்சம் வாங்காது," என்றார் கணவர்.

"பிள்ளை ஆபரேஷனுக்குப் பால்குடம் வேண்டிக்கிட்டேங்க. பொழைச்சிட்டான்ல? எடுத்தே ஆகணும். உங்க கோயில்ல சிலையே இல்ல, வெறும் கண்ணாடி."

"எங்கள கோயிலுக்குள்ள விடாத காலத்துல எங்க ஆளுங்க வச்சதுடி. கண்ணாடியில தெரியிறவளுக்குள்ளதான் சாமி இருக்கு. அவகிட்டயே கேளு."

"கேட்டுட்டேன். எடுக்கச் சொல்றா."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது நானும் பால்குடம் வேண்டிக்கொண்டேன்; குணமாகிவிட்டாள். தைப்பூசம் நெருங்குகிறது. அவர் சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஆனால் பால்குடம் எடுக்காமல் விடவும் பயமாக இருக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.