நிலைப்படியில் வைத்த தட்டு

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். எவன் கையிலாவது ஒரு கருவி இருந்தால் போதும், மறுபேச்சில்லாமல் நெற்றியைக் காட்டிவிடுகிறார்கள். கடை வாசலில் காட்டுகிறார்கள், வங்கி வாசலில் காட்டுகிறார்கள். பிடித்திருப்பவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பத்து வருஷமாக என்னை ஏறிட்டுப் பார்க்காத எங்கள் ஆலைக் கணக்குப்பிள்ளைகூட என் முன்னால் குனிந்து நின்றார். நானாகப் போய் யாரையும் குனியச் சொல்லவில்லை. விசாரிக்க வந்திருக்கிற நீங்கள் அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் ஐயா.

நான் அட்டைப்பெட்டி ஆலையில் காவலாள். அதற்கு முன்னால் அங்கேயே காகித உருளை உருட்டினேன். முதுகு போனதும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை. பெயர்ப்பலகை படிப்பேன், ஆளின் மூஞ்சியைப் படிப்பேன். வாசலுக்கு அது போதும்.

நோய் வந்த புதிதில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் ஆலை மட்டும் மூடவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தவர்கள் பொழுது போகாமல் எதையாவது வாங்கிக்கொண்டே இருந்தார்கள். வாங்குவதெல்லாம் பெட்டியில்தானே வரவேண்டும். பயந்து உள்ளே இருப்பவனுக்குப் பெட்டி செய்ய, பயப்பட வசதி இல்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். அது நாங்கள்.

எனக்கு அந்த நோயில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. தொட்டால் ஒட்டும் என்றார்கள். பிறகு தொடாவிட்டாலும் ஒட்டும் என்றார்கள். முகமூடி வேண்டியதில்லை என்று டிவியில் சொன்ன டாக்டரே அடுத்த வாரம் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, போடாதவர்களைத் திட்டினார். சொந்தப் பேச்சிலேயே நிற்காதவர்கள் சொல்லி நான் எதை நம்புவது?

இருந்தாலும் வேலை வேலைதான். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி ஒன்றை மேனேஜர் என் கையில் கொடுத்தார். காய்ச்சல் இருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தெருவெல்லாம் பரப்பிவிடுவான், பின்னால் இருக்கிற பழைய கிடங்கில் இரண்டு வாரம் வைக்க வேண்டும் என்று உத்தரவு. கிடங்கை எங்கள் சரக்கை வைத்தே தயார் செய்தார்கள். அட்டையை அடுக்கினால் கட்டில், நிறுத்தினால் தடுப்பு. தடுப்பு நெஞ்சு உயரம்தான். அச்சுப் போட்டு மிஞ்சிய அட்டை என்பதால் ஒவ்வொரு தடுப்பிலும் ‘உடையும் பொருள், கவனம்’ என்று எழுதியிருந்தது. பார்க்க வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, நல்ல ஏற்பாடு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

துப்பாக்கி ஒரு வாரம் ஓடியது. அப்புறம் கை கழுவ வைத்திருந்த மருந்துத் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்தேன், வெயிலில் வைத்தேன். திரை கருப்பாகவே இருந்தது. மறைக்கவில்லை; போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“சும்மா கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க பெரிசு. அதிகாரி வந்தா பார்க்கணும், அவ்வளவுதான்.”

இப்போது அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாராம். சொல்லட்டும். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

நான் சும்மாதான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஜனங்கள் சும்மா போகவில்லை. “எவ்வளவு?” என்று கேட்டார்கள். கேட்பவனுக்கு எதையாவது சொல்லத்தானே வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொன்னேன். இரண்டே நாளில், “நேத்தும் இதையேதான் சொன்னீங்க?” என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். அதனால் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொன்னேன். உடனே நம்பிவிட்டார்கள். குறைவாகச் சொன்னால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். பசை மாவு மூட்டை தூக்குகிற அம்மாள் ஒருத்தி, “உங்க கை ராசியான கை” என்றாள். திரை என் பக்கம்தான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இந்தக் குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிடங்குக்கு அனுப்பியது, தினமும் வண்டியை என் நாற்காலியை ஒட்டி நிறுத்துகிற ஒருவனை. இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். “நீங்க மட்டும் கண்டுபிடிக்கலேன்னா என் பெண்டாட்டி பிள்ளைங்க கதி என்ன ஆகியிருக்கும்?” என்றான். கண் கலங்கியிருந்தது. வண்டியையும் அதற்குப் பிறகு தள்ளியே நிறுத்தினான். ஒருத்தருக்கும் நஷ்டமில்லை.

இப்போது என் மைத்துனன் விஷயம். அதற்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

என் வீட்டுக்காரியின் தம்பி. அதே ஆலையில் பசை காய்ச்சுகிறவன். ஓயாமல் பேசுவதால் எல்லோரும் அவனை ரேடியோ என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒண்டிக்கட்டை. ஆலைக்குப் போய் வருகிறவன் இங்கே இருக்கக் கூடாது என்று அவன் குடியிருந்த வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டே அறை. என் பாயை நகர்த்தி இடம் விட்டேன்.

நான் எதையும் நம்பாதவன் என்றால் அவன் எல்லாவற்றையும் நம்புகிறவன். போனில் எது வந்தாலும் வேதம். வந்த மறுநாளே என் வீட்டில் சட்டம் போட ஆரம்பித்தான். பால் பாக்கெட்டுக்குச் சோப்புக் குளியல். செருப்புக்கு வெயில். வேலையிலிருந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். அவனும் குளித்தான், அதை மறுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அக்காவை உட்காரவைத்து விளக்கினான்: தான் பசைக் கொப்பரையோடு தனியாக நிற்கிறவன், மச்சான் அப்படியில்லை, தினமும் நூறு பேர் மூச்சுக்கு முன்னால் நிற்கிறவர், அவரிடமிருந்துதான் வரும், அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது. என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னான். அக்கறையாகத்தான் சொன்னான்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரி என் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். “எடுத்துக்கங்க” என்றாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம் ஐயா. உள்ளே அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பாடு நன்றாகவே இருந்தது. தினமும் அப்படித்தான் நடந்தது, நானும் தினமும் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். இறங்கும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண் சிவந்திருந்தது, நிற்க முடியவில்லை. இதற்குத் துப்பாக்கி எதற்கு? அவரைக் கிடங்குக்கு அனுப்பினேன். அது சரியான முடிவு என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வரிசையில் வந்த மைத்துனன் வழக்கம்போல முகமெல்லாம் சிரிப்பாக நெற்றியை நீட்டினான். துப்பாக்கி பிடிப்பது என் மச்சானாக்கும் என்று அவனுக்கு ஆலை முழுக்கப் பெருமை. நான் கருப்புத் திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். நூற்றொன்று என்றேன்.

அவன் வாதாடுவான் என்று நினைத்தேன். அவனோ முகம் வெளுத்துப் போய்த் தலையாட்டினான்.

“அதானே பார்த்தேன் மச்சான், காலையிலிருந்தே உடம்பு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீங்க தள்ளி நில்லுங்க, உங்களுக்கு ஒட்டிக்கப் போகுது. அக்காகிட்ட பக்குவமா சொல்லுங்க, பயந்துடுவா.”

சொல்லிவிட்டு அவனே கிடங்கைப் பார்த்து நடந்தான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. காலியாக இருந்த கட்டில் ஒன்றுதான், ஓட்டுநருக்கு அடுத்தது. அதற்கு நான் என்ன செய்ய? அட்டையை அடுக்கியது நான் இல்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பனிக்காலத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குவான். தெரியும்.

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி அழுதாள். வெகு நேரம் அழுதுவிட்டு, நீங்கள் கண்டுபிடித்ததால் ஆச்சு, இல்லாவிட்டால் மூன்று பேரும் போயிருப்போம் என்றாள். அப்புறம் தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்து, தானும் உட்கார்ந்தாள். தட்டைத் தள்ளி வைக்கச் சொல்ல ஆள் இல்லை.

கிடங்குக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலையும் என்னுடையதுதான். நாலைந்து நாள் போயிருக்கும். தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். பொழுது போகாமல் ஓட்டுநரோடு பேசிப் பேசிச் சினேகம் பிடித்திருந்தான். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் அவன்தானாம். நன்றாகத்தான் இருந்தான், தெளிவாக இருந்தான்.

“மச்சான், இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன். குறைஞ்சிருந்தா விட்டுடுவாங்களாம்.”

துப்பாக்கி இடுப்பில்தான் இருந்தது. எடுத்தேன். கிடங்கு வாசலிலேயே நின்று நீட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எந்தத் துப்பாக்கியும் காட்டாது என்று அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தூக்கிக் காட்டினான். ஒரு எண்தான் ஐயா. வாயைத் திறந்து வேறு எண்ணைச் சொல்லியிருந்தால் சாயங்காலம் வீட்டில் இருந்திருப்பான். ஆனால் முதல் நாள் ராத்திரி என் வீட்டுக்காரி எனக்கு இரண்டாம் தரம் பரிமாறியிருந்தாள். நான் கொஞ்சம் யோசித்தேன்.

“அப்படியேதான்டா இருக்கு” என்றேன்.

“சரி மச்சான்” என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். “துப்பாக்கி பொய் சொல்லாது.”

அடுத்த வாரம் ஓட்டுநரை ஆம்புலன்ஸில் எடுத்துப் போனார்கள். அதற்கடுத்து இவனுக்கு இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது. நான் முன்பே சொன்ன எண்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது. போனில் அக்காவிடம் பேசினான். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினான். ரேடியோ அவ்வளவு குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. முகம் பார்க்க விடவில்லை. மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள் என்றார்கள். அதையும் நாங்கள் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, ‘முன்கள வீரர்’ என்று அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். நல்ல கெட்டி அட்டை, மூன்றடுக்கு. வீட்டில் மாட்டியிருக்கிறது. தம்பி படத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரிதான் மாட்டினாள்.

அப்புறம் யாரோ துப்பாக்கியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே துருப்பிடித்துக் கிடந்ததாம். நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டு தரமும் நான்தான் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனைக் கொன்றேன் என்று எழுதாதீர்கள். இல்லாத நோய் ஆளைக் கொல்லாது. அவனுக்கு இழுப்பு. பயம் வேறு. போனில் படித்ததெல்லாம் நெஞ்சில் ஏறி அடைத்துவிட்டது.

நோயே இல்லை என்று நம்புகிறவன் ஏன் கிடங்குக்குள் ஒரு தரம்கூடக் கால் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். யார் சொன்னது உங்களுக்கு? தினமும் போனேன். தட்டை நிலைப்படியில் வைப்பேன். இரண்டடி பின்னால் வந்து நின்று, எடுத்துக்கோ என்பேன். அது வேறு விஷயம். எங்கள் வீட்டு வழக்கம்.

கையெழுத்து போட்டாயிற்று. உங்கள் ஆட்கள் எங்கே கூட்டிப் போனாலும் வருகிறேன். வெளி வாசலில் உங்கள் காவலர் ஒருவர் புதுத் துப்பாக்கியோடு நிற்கிறார்; உள்ளே வரும்போது என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். போகும்போதும் அவரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுப் போகிறேன். நம்பிக்கை வந்துவிட்டதால் இல்லை. எவ்வளவு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், நடக்கும்போது காலுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.