ஜெனோஜாவின் படத்துக்கு மாலை

விளக்கு எரியட்டும், முகுந்த். நூர்க்காதே. இது நடுச்சாமத்தில் நடந்த கதை இல்லை. நடந்தது பின்னேரம் ஆறரைக்கு... எல்லாரும் முழித்திருக்கிற நேரம். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

என் சிநேகிதி கலாவதியின் மச்சாள் பிரமிளா. சிரித்தால் முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருப்பது தெரியுமே, அவள்தான். போன அக்டோபர் இருபத்துநாலு, சட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறாள். ஒரு பக்கம் ரயில் பாதை மதில், மறு பக்கம் பூட்டிக் கிடக்கிற கராஜ்கள். ஆளரவம் இல்லை. தெரு திரும்புகிற இடத்தில் அவள் வீடு. மேலே, மகள் ஜெனோஜாவின் அறை யன்னலில், சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்...

ஜெனோஜாவுக்குப் பதினொரு வயது. ஹாலோவீனுக்கென்று தன் படுக்கையறையைப் பேய் வீடாக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சைப் பிய்த்துச் சிலந்தி வலை. கறுப்புக் கடதாசியில் வௌவால். முப்பத்தோராம் திகதி பள்ளிக்கூடச் சிநேகிதிகள் வருவதாக ஏற்பாடு. இங்கே பிறந்த பிள்ளை, ஆசைக்குச் செய்யட்டும் என்று பிரமிளா விட்டிருந்தாள். சிவப்பு வெளிச்சமும் அந்த விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

ஆனால் வீடு பூட்டியிருந்தது. பிள்ளை நீச்சல் வகுப்பில். கணவன் சிவானந்தன் ஈஸ்ட் ஹாமில், வேலை செய்கிற பலசரக்குக் கடையில்.

மேலே ஏறி அறைக் கதவைத் திறந்தாள். முதலில் மணம்... ஈரச் செவ்வந்தி, கற்பூரம். பிறகு சத்தம். டப்... டப்... கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது. சுவரில் ஜெனோஜாவின் கறுப்பு வெள்ளைப் படம். பழைய பங்களா மாதிரி இருக்கட்டும் என்று பிள்ளையே மாட்டியது. அந்தப் படத்துக்கு இப்போது மாலை போட்டிருந்தது. கீழே சிவப்பு விளக்கு.

நம் வீடுகளில் எந்தப் படத்துக்கு மாலை போட்டுச் சிவப்பு விளக்கு வைப்போம்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை வந்ததும் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"ஆரடி இதைப் போட்டது?"

"நான் போடேல்லை அம்மா. நான் வலையும் வௌவாலும்தான் செய்தனான்."

பொய் சொல்லத் தெரிந்த பிள்ளைதான். ஆனால் ஈரம் காயாத செவ்வந்தி மாலைக்கு அந்தப் பிள்ளை எங்கே போகும்? அது ஈஸ்ட் ஹாமில் கிடைக்கும். ஈஸ்ட் ஹாமுக்குத் தினமும் போகிறவன் யார்? பிரமிளா இரவோடு இரவாகக் காரைக் கிண்டினாள். பின் சீற்றுக்கடியில் ஒரு செவ்வந்தி இதழ்.

"கோயிலுக்குப் பூக் கொண்டு போனது மறந்து போச்சோ?" என்றான் சிவானந்தன். "பெத்த பிள்ளைக்கு நான் அப்பிடிச் செய்வனே? உமக்கு விசர்."

மாலையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். படத்தை அலுமாரியில் சேலைகளுக்கடியில் ஒளித்தாள். அடுத்த நாள் ஆறரைக்குப் படம் அதே ஆணியில்... புது மாலையோடு. அதற்கடுத்த நாள் குளிர்கால நேரத்துக்கென்று ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளினோம் அல்லவா? அன்றிலிருந்து பூமாலை ஐந்தரைக்கு வந்தது. வருகிறவர் தன் மணிக்கூட்டை மாற்றவில்லை.

பிள்ளையைத் தன்னோடு படுக்க வைத்தாள். லீவு போட்டு, புருசனையும் மகளையும் மாறி மாறிக் கண்காணித்தாள். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு நாள் அறை வாசலில் அரிசி மாவைத் தூவி வைத்தாள். ஐந்தரைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் மாவில் ஒரே ஒரு காலடி. தன் காலை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. தூவும்போது தானே மிதித்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"அவளின்ர மனிசன்ர வேலைதான்" என்கிறான் முகுந்த். பொறு.

முப்பதாம் திகதி விரல் விட்டு எண்ணினாள். செத்தவருக்கு எட்டாம் நாள் விருப்பமானதெல்லாம் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நிற்போமே... மாலை விழுந்த இருபத்துநாலை முதல் நாளாக வைத்தால், எட்டு, முப்பத்தொன்று.

சட்டத்திலிருந்து மகளின் படத்தை உருவினாள். தன் படத்தைச் செருகினாள். "ஆரெண்டாலும் என்னைக் கொண்டு போ. என்ர பிள்ளையை விடு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அறையைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள்.

மறுநாள் சிநேகிதிகளை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தகப்பனும் மகளும் விடியவே விம்பிள்டனில் கலாவதி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்று முழுக்க நானும் அங்கே இருந்தேன். இரண்டு பேரும் எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

ஐந்தரைக்குப் பிரமிளா கதவைத் திறந்தாள். மாலை அவள் படத்தில். கீழே வாழையிலை. மகளுக்குப் பிடித்த மீன் ரோல் இல்லை, சொக்லேட் இல்லை. ஒரு குவளை முட்டைக்கோப்பி, ஆவி பறந்தது. பக்கத்தில் பனம்பழத்தைப் பிழிந்து காயவைக்கிற பினாட்டு, ஒரு துண்டு.

இரண்டும் அவளுக்கு உயிர். இருபத்திரண்டு வருசமாக அந்த வீட்டில் சமைப்பது புருசனுக்கும், பிறகு மகளுக்கும் பிடித்ததை. உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அதனால் அவளுக்கு முதலில் பயம் வரவில்லையாம்... அழுகைதான் வந்ததாம்.

பிறகுதான் குனிந்து பார்த்தாள். பினாட்டில் ஒரு கடி. பல் பதிந்த இடத்தில், ஒரு மூலை மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது. நாக்கால் தன் முன்பல்லைத் தடவினாள். வாயெல்லாம் பனம்பழ இனிப்பு.

இன்றைக்கும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பிள்ளையும் சுகம். போன கிழமை கலாவதி வீட்டில் ஜெனோஜா, அடித்த அம்மாவோடு ராசியாகிவிட்ட பிள்ளை, ஒரு தட்டில் முட்டைக்கோப்பியும் பினாட்டும் கொண்டு வந்து நீட்டினாள். பினாட்டு, ஊரிலிருந்து தகப்பனைக் கொண்டு எடுப்பித்ததாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரமிளா மகளின் தலையைத் தடவினாள். தட்டைத் தொடவில்லை.

"வேண்டாம், பிள்ளை. எனக்கு இப்ப பசிக்கிறேல்லை. எனக்குப் படைச்சதை நான் அண்டைக்கே சாப்பிட்டிட்டன்."