அன்செல்மோவின் உடம்பில் இல்லாத நொதி

– அப்போ என் பால்ல கோளாறு இல்லையா, டாக்டரம்மா?

– இல்ல, டெல்ஃபினா. யார் அப்படிச் சொன்னா?

– எம் மாமியாதான். கெட்ட பாலைக் குடுத்து பேரனைத் துணியாட்டம் துவள வச்சுட்டேனாம். மலையில ஊர் பூரா அதே பேச்சு. ஆறு மாசத்துல உக்காந்தவன்! இப்ப ஒண்ணரை வயசு, தலை நிக்கல. நான் சிரிச்சாக்கூட அவன் கண்ணுக்குத் தெரியல.

– சொல்றேன் கேளுங்க. மூளையில ஒருவகைக் கொழுப்பு தினமும் சேரும். அதை வெட்டிக் கழிக்க ஒரு நொதி இருக்கு. அன்செல்மோ உடம்புல அது இல்ல. கொழுப்பு அப்படியே தேங்குது.

– நொதின்னா?

– ஆட்டுப்பால்ல பாலாடைக்கட்டி போடுவீங்களே, எப்படி உறைய வைப்பீங்க?

– குட்டியோட இரைப்பையைக் காயவச்சு ஊறப்போட்ட தண்ணி, ஒரு கரண்டி. அண்டா பாலும் இறுகிடும்.

– அதுக்குள்ள இருக்கறதும் ஒரு நொதிதான். வேலையை முடிச்சு வைக்கும், தான் தீராது. அதான் துளி போதும்.

– துளி போதும்னா இவனுக்கும் விடுங்களேன்! என் உடம்புலருந்து எடுத்துக்குங்க.

– ரத்தத்துல ஏத்தினாலும் மூளைக்குள்ள போகாதும்மா.

– தலைநகர்ல? வெளிநாட்டுல?

– எங்கயும் இதைக் குணமாக்க மருந்து இல்ல.

– எவ்வளவு நாள் இருப்பான்?

– மூணு வயசைத் தாண்டறது கஷ்டம். வலியில்லாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்... கொஞ்சம் தண்ணி குடிங்க.

– வேணாம். புள்ளையை இப்படிக் குடுங்க, மடியில கிடக்கட்டும். நான் அப்படி என்னங்க பாவம் பண்ணேன்?

– நீங்க எதுவும் பண்ணல. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும். உங்ககிட்ட ஒரு பாதி, இவன் அப்பாகிட்ட ஒரு பாதி. உங்க ரெண்டு பேரையும் அது ஒண்ணும் செய்யாது. உங்க மலையிலருந்து இந்த வருஷம் இவன் ரெண்டாவது குழந்தை.

– எம் புருஷன் நிக்கானோர்கிட்டயுமா இருக்கு?

– அவர்கிட்டயும்தான்.

– "உன் வயித்துல பொறந்தது இப்படித்தான் இருக்கும்"னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான்.

– எழுதித் தரேன், மாமியார்கிட்ட காட்டுங்க. இன்னொண்ணு, உங்க கூடப்பொறந்தவங்க ரத்தத்தையும் பாக்கணும். அவங்ககிட்டயும் இருக்கலாம்.

– ஒரே தங்கச்சி. எடெல்மிரா.

– கல்யாணம் ஆயிடுச்சா?

– நிக்கானோர் என்னை விட்டுட்டு அவகூடத்தான் இருக்கான், டாக்டரம்மா. அவளுக்கு இது ஏழாம் மாசம்.