குபுக்கனை விட்டவன்

உங்கள் கீழ்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் லேசாகத் திரும்பி நிற்கிறது, மேடம். யார் சொன்னாலும் அதை நேராக்கிவிடாதீர்கள். வரிசையாக நிற்கிற பற்களை நான் தினமும் செய்கிறேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி இருக்கும். ஒன்றுகூட மனதில் நிற்காது.

பல்செட் செய்வது என் தொழில். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், நான் அதற்கு ஏற்றபடி ஈறும் பல்லும் செய்து கொடுப்பேன். சின்ன அரம், சின்ன தூரிகை, நிறையப் பொறுமை. யாரோடும் பேச வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் மச்சினனைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன்னால் குபுக்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது, ஜந்து வேட்டை என்று. வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்போல. கேமராவைத் திறந்து நீட்டினால் நாம் இருக்கிற இடத்திலேயே ஏதாவது ஜந்து உட்கார்ந்திருக்கும். நெருப்பு கக்குகிறது, மின்னல் அடிக்கிறது, இறக்கை வைத்தது, கொம்பு வைத்தது என்று ஏகப்பட்டவை. பிடித்து, தீனி போட்டு வளர்த்து, ஒன்றோடு ஒன்றைச் சண்டைக்கு விடலாம். எல்லோரும் கடற்கரைக்கும் மலைக்கும் அலைந்து சிங்கமும் டிராகனுமாகப் பிடித்தார்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் குளியலறை வாளியில். மீன். பேர் குபுக்கன்.

அதை அழகு என்று பெற்றவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். ஊதிய உடம்பு, மாறுகண், மீனுக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு குட்டைக் கால். கீழுதடு முன்னால் தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டில் சரியாகக் கவனிக்கப்படாத பெரியப்பா மாதிரி எப்போதும் ஒரு முகம். சண்டையில் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை முறைப்பது. எதிரே டிராகன் நெருப்பைக் கக்கும், இது முறைக்கும். கருகிப்போய் மல்லாந்து கிடக்கும்போதும் முறைக்கும். தோற்ற பிறகு என்னையும் முறைக்கும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இவர் இப்படி ஆகிவிட்டார் என்று என் மனைவி மருந்துக்கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை இருந்திருந்தால் மட்டும் நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமா என்ன? குபுக்கன் உட்கார்ந்திருக்கும். போனைத் திறந்தால் ஒரு குமிழி விடும். ஒருநாள் திறக்கத் தவறினால் மறுநாள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நான் கெஞ்ச வேண்டும். வீட்டில் ஒருவர் நமக்காகக் கோபித்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

விளையாடுகிறவர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. குபுக்கனை ரொம்பக் காலம் பாசமாக வளர்த்தால் ஒருநாள் வாயைத் திறந்து, வளர்த்தவர் பேரைச் சொல்லுமாம். யாரும் நேரில் பார்த்ததில்லை. அதற்குள் எல்லோருக்கும் அலுத்துப்போய் டிராகனுக்கு மாறிவிடுவார்கள். நான் மாறவில்லை. கடைசியில் அதன் செதிலெல்லாம் பித்தளை மாதிரி மினுங்க ஆரம்பித்தது. உதடு அசைந்தது. நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளர் வேலை கிடைத்திருந்தது. "ரூம் கிடைக்கிற வரைக்கும்தான் மாமா" என்றான். அந்த ரூம் இன்னும் கட்டப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அவன்மேல் தப்பாக ஒன்றும் சொல்ல முடியாது, மேடம். அதுதான் கஷ்டமே. பாத்திரம் கழுவினான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு தரம் எம்பிக் குதித்துப் பார்ப்பான், அது தொழில் பழக்கம். என் நாற்காலியில் உட்கார்ந்து குதித்துவிட்டு, "மாமா, இதுல உட்கார்ந்தா உங்க முதுகு கேள்விக்குறி மாதிரி ஆயிடும்" என்றான். என் மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. மூக்கால் ஒரு சத்தம் வரும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு காலையில், சாப்பாட்டு மேசையில், அவன் குபுக்கனை விட்டுவிட்டான்.

விடுவது என்றால், அந்த விளையாட்டில் வேண்டாத ஜந்தைத் திரும்ப இயற்கைக்கே அனுப்பிவிட ஒரு பொத்தான் உண்டு. 'விடுவிக்கவா?' என்று கேட்கும். ஆம் என்றால் ஜந்து ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். குபுக்கனும் பார்த்தது. முறைக்கவில்லை.

நான் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். திரும்பத் தர இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. 'விடுவிக்கப்பட்ட உங்கள் நண்பன் இப்போது மகிழ்ச்சியாக நீந்திக்கொண்டிருக்கிறான்' என்று கடைசியில் ஒரு வரி. பக்கத்தில் சிரிக்கிற மீன் படம். வேறு மீன்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. என் மனைவி மட்டும், "விடுங்க, பொம்மை மீனு. அதுக்குப் போய் இப்படி சாப்பிடாம இருக்கீங்க" என்றாள். மச்சினன்தான் ஒருமாதிரி ஆகிவிட்டான். மறுநாளே அவன் போனில் அந்த விளையாட்டை ஏற்றினான். வாளி வாளியாகக் கேமராவை நீட்டிக்கொண்டு அலைந்தான். சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, கடையில் மீன்தொட்டி, ஒன்றையும் விடவில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் டிராகன்.

"எப்படியாவது உங்களுக்கு ஒண்ணு பிடிச்சுக் குடுத்துடறேன் மாமா" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் யோசித்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. வேறொரு குபுக்கனை வைத்து நான் என்ன செய்வது? உங்கள் வீட்டில் ஒருவர் செத்துப்போனால் அதே உயரத்தில் ஒருவரை அனுப்பி வைத்தால் சரியாகிவிடுமா? அவன் எனக்குச் செய்ய வேண்டியது அது இல்லை என்று தோன்றியது. விட்டது போனால், விட்டவனும் போக வேண்டும். கணக்கு சுலபமானது. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை அவனே சொல்லியிருக்கிறான், சிரித்துக்கொண்டே, பல விஷயங்களைச் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அங்க குபுக்கன் நிறைய இருக்காம் மாப்ளே" என்றேன். குழந்தை மாதிரி கிளம்பிவிட்டான். என் மனைவி இரண்டு பேருக்கும் ரொட்டி கட்டிக் கொடுத்தாள். நாங்கள் சேர்ந்து வெளியே போவது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அங்கே இருப்பது அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய விஷயத்துக்கு அது பொருத்தமான வாகனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்கு மை வேறு தீட்டியிருந்தார்கள். இமையும் இருந்தது.

படகுக்காரர் இரண்டு மிதவைச் சட்டையைக் கொடுத்தார். இருக்கையில் ஸ்பாஞ்ச் சரியில்லை, இப்படியே விட்டால் வாடிக்கையாளர்களுக்கு இடுப்பு போய்விடும் என்று மச்சினன் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். எம்பிக் குதித்தும் காட்டினான். மிதவைச் சட்டையை மாட்டுகிற கிளிப்பிலும் பல் உண்டு, மேடம். உள்ளே இரண்டு சின்னப் பல், அதுதான் கவ்விப் பிடிக்கும். என் பையில் எப்போதும் அரம் இருக்கும். அவர்கள் இடுப்பைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. மாட்டினால் க்ளிக் என்று சத்தமும் வரும். சுத்தமான வேலை. உங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

நடு ஏரிக்குப் போனோம். அவன் மிதித்துக்கொண்டே பேசினான். கடையில் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி. "அக்காகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும் மாமா. நீங்க சொன்னா அவ கேப்பா" என்றான். நான் சொல்வதை அவன் அக்கா கேட்பாள் என்று நினைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

அப்புறம் போனை நீட்டினான். நிஜமாகவே அங்கே ஒன்று இருந்தது. நான் சும்மா சொல்லி வைத்தது. ஆனால் இருந்தது. அன்னத்தின் கழுத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் காலை மடக்கி உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தது.

"மாமா! மாமா, இருக்கு!"

"உட்கார்ந்த இடத்துலேர்ந்து எட்டாது" என்றேன். "எழுந்து நின்னு பிடிக்கணும். உன்னால முடியாது, விடு."

"ஏன் முடியாது?" என்று எழுந்து நின்றான். ஒரு கையால் அன்னத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையில் போனை நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு குறிபார்த்தான். "பிடிச்சிட்டேன்!" என்று திரும்பி என்னைப் பார்த்தான். கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். அப்போது நான் திருப்புகிற பிடியை ஒரேயடியாக வளைத்து, பலமாக மிதித்தேன்.

சட்டை தனியாக மிதந்தது. அவன் தனியாக. போன் எடுத்த எடுப்பிலேயே போய்விட்டது. அது தண்ணீர் தாங்குகிற ரகம் இல்லை.

"மாமா" என்றுதான் கூப்பிட்டான். கடைசிவரை "மாமா"தான். பேரைச் சொல்லவில்லை. இரண்டு பேர் மிதிக்கிற படகை ஒருவர் மிதிப்பது சாதாரணக் காரியமில்லை, மேடம். ஒரு பக்கமாகவே இழுக்கும். கரைக்கு வருவதற்குள் எனக்குத் தொடை நடுங்கிவிட்டது.

அவர் அந்தக் கரையிலேயே இறங்கிவிட்டார் என்று படகுக்காரரிடம் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி, "தம்பி எங்கே?" என்றாள்.

"விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

"கடையிலயா? ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டாங்களா? பாவம்" என்றாள். அவனுக்கு மதியச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட அந்த இன்னொரு கேள்விக்கு வருகிறேன். விடுவிக்கிற பொத்தானுக்குச் சொந்தக்காரரின் விரல்ரேகை வேண்டுமே, மச்சினன் எப்படி அழுத்தினான் என்று. நல்ல கேள்வி. விரல் என்னுடையதுதான்.

நடந்தது இதுதான். அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "மாமா, இதை விட்டா எங்க போகும்?" என்றான். தண்ணீருக்குப் போகும் என்றேன். "அப்ப விட்டுடுங்களேன், பாவம். எத்தனை நாளைக்கு உங்க மூஞ்சியையே பாத்துட்டிருக்கும்?" என்றான். என் மனைவி சிரித்தாள். மூக்கால். அவன் அதில் உற்சாகமாகி, "மாட்டாரு அக்கா. நீ வேணா பாரு. மாமாவால முடியாது" என்றான். அவள் இன்னும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

நான் கட்டைவிரலை வைத்தேன்.

அவ்வளவுதான். இருவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். "ஐயோ மாமா, சும்மா சொன்னேன்" என்று அவன் பதறினான். சும்மா சொன்னானாம். சொன்னதனால்தானே நடந்தது? அவன் வாயைத் திறக்காமல் வெண்ணெய் தடவியிருந்தால் குபுக்கன் இன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விரல் யாருடையது என்று பார்ப்பது சின்னப் பிள்ளைத்தனம். ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லித் தூண்டிவிடுகிறவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தவன். சட்டம் படித்த உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். படகிலா? ஆமாம், எழுந்து நிற்கச் சொன்னது நான்தான். கிளிப்பை அராவியது நான், பிடியைத் திருப்பியது நான், கூப்பிடக் கூப்பிட மிதித்துக்கொண்டு வந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். நான் வெறுமனே வாயால் சொன்னேன். எழுந்து நின்றது அவனுடைய கால். அவரவர் கால் செய்கிறதுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?